பாதாம் ஏற்றிப் போன கப்பல்

பிப்ரவரி 9, லார்னாகா

விமான நிலையத்தில் காபியும் பன்னும் வாங்கினேன். மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போடப் போனவள், கையிலிருந்த ஐம்பது சென்ட் காசைப் பார்த்து நின்றுவிட்டேன். அதில் ஒரு கப்பல். எதைப் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து மூன்று விமானம் மாறி வந்தேனோ, அதே கப்பல் காபிக் கடைச் சில்லறையாக வந்து விழுந்திருக்கிறது. பத்து, இருபது, ஐம்பது சென்ட் மூன்றிலும் அதுதானாம். 2008 ஜனவரி 1-இல் சைப்ரஸ் யூரோவுக்கு மாறியதிலிருந்து இப்படி.

"இதுக்கா அக்கா ரெண்டு வருஷமா காசு சேர்த்த? நான் டெய்லி பார்க்கிங் மிஷின்ல போடுறேன்" என்றான் தம்பி.

அவன் லிமாசோலில் ஒரு கப்பல் நிர்வாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பதினாறு வருடம் எஞ்சின் ரூமில் கிடந்துவிட்டு இப்போதுதான் கரையில் நாற்காலி. நான் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் இருபத்திரண்டு வருடமாக முத்திரை குத்துகிறவள். அப்பா தோணித் துறையில் மூட்டை எண்ணும் டாலி கிளார்க். ஆக, கப்பல் அவனுக்குப் போனது, ஸ்டாம்பு எனக்கு வந்தது. ஆல்பமும் என்னிடம்தான்.

எண்பதுகளில் தூத்துக்குடிக்கு வரும் சரக்குக் கப்பல்கள் பலவற்றின் பின்புறத்தில் 'லிமாசோல்' என்று எழுதியிருக்கும். சைப்ரஸ் கொடியில் பதிவானவை. ஏஜென்ட் ஆபீஸுக்கு வரும் கவர்களின் மூலையை அப்பா கேட்டு வாங்கிக் கத்தரித்துக்கொண்டு வருவார். அப்படி வந்த ஒன்று 1987-இல் சைப்ரஸ் அஞ்சல் துறை வெளியிட்ட கப்பல் வரிசையில் ஒரு தபால்தலை. பெரிய சதுரப் பாயோடு ஒரு மரக் கப்பல். நாட்டின் பெயர் மூன்று முறை: கிரேக்கத்தில் கிப்ரோஸ், துருக்கியில் கிப்ரிஸ், ஆங்கிலத்தில் சைப்ரஸ். அதே காகிதத் துண்டில், ஒட்டினாற்போல இன்னொரு குட்டித் தலை. முள்வேலி, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தை. அப்பா அதைக் கொசுறு என்று நினைத்துப் பிரிக்காமலே ஆல்பத்தில் சொருகிவிட்டார். 1974-க்குப் பிறகு இந்த நாட்டில் தபால் போடுகிறவர்கள் கட்டாயம் ஒட்ட வேண்டிய அகதி நிதித் தலை அது என்று நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

கப்பலின் கதை சுருக்கமாக இது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தீவின் வட கரையில் கைரீனியா என்ற ஊருக்கு ஒரு மைல் தூரம்கூட இல்லாத இடத்தில் ஒரு சின்ன வணிகக் கப்பல் மூழ்கியது. 1965-இல் கண்டுபிடித்தார்கள், 1968, 69-இல் மேலே கொண்டுவந்தார்கள். எண்பதுகளில் அதேபோல ஒரு கப்பல் கட்டி ஓட்டியும் பார்த்தார்கள். அப்பாவின் ஸ்டாம்பு அந்த ஓட்டத்துக்காக வெளியிட்டது. அசல் இன்னும் கைரீனியாவில் இருக்கிறது. ஆனால் ஸ்டாம்பு அடித்த அரசாங்கத்தால் அங்கே போக முடியாது. அதை நாளை மறுநாள் சொல்கிறேன்.

மாலையில் ஊருக்குள் காரில் போகும்போது ஒரு பெயர்ப்பலகையைத் தம்பி காட்டினான். ஜெனரல் திம்மய்யா அவென்யூ. நம் குடகுக்காரர், மடிக்கேரியில் பிறந்தவர். இங்கே ஐ.நா. அமைதிப் படையின் தளபதியாக இருந்து 1965 டிசம்பர் 18-இல் இந்தத் தீவிலேயே இறந்துபோனார். அடுத்த வருடமே சைப்ரஸ் அவருக்கு ஸ்டாம்பு வெளியிட்டது. அதுவும் என்னிடம் இருக்கிறது! லார்னாகாக்காரர்கள் இந்தப் பெயரைத் 'திமாயா' என்கிறார்கள். கப்பலைக் கண்டுபிடித்தது 1965 நவம்பரில். ஒரு மாத இடைவெளி. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் ஆல்பம் வைத்திருப்பவர்களுக்கு இப்படித்தான் புத்தி போகும்.

உப்பேரியில் பூநாரைகள் நிற்கின்றன. தூத்துக்குடி உப்பளத்துக்காரிக்கு இது ஊர் மாதிரியே இருக்கிறது. ராத்திரி நல்ல குளிர்.

பிப்ரவரி 10, அயியா நாப்பா

கோடையில் இந்த ஊர் இளவட்டக் கூத்தாம். பிப்ரவரியில் பாதிக் கடைக்கு ஷட்டர் இறங்கியிருக்கிறது. எங்களுக்கு வேண்டியது தலாசா என்ற கடல் அருங்காட்சியகம் மட்டும். உள்ளே நுழைந்தால் எதிரே 'கைரீனியா 2'. புதிதாகக் கட்டியது, முழு உடம்போடு.

14 மீட்டர் நீளம், நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் அகலம். ஒரே பாய்மரம், ஒரே பாய், பின்பக்கம் இரண்டு பக்கமும் இரண்டு சுக்கான் துடுப்பு. அப்பா கணக்குப் பார்த்த மாலத்தீவுத் தோணிக்கு முன்னால் இது குழந்தை.

தம்பி ஐந்து நிமிடம் கழித்துக் காணாமல் போய்விட்டான். பார்த்தால் கப்பலின் வயிற்றுக்குக் கீழே குனிந்து பலகை இணைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"அக்கா, இங்க வா. கலப்பத்து எங்க?"

இல்லை. நம் ஊரில் பலகைக்கும் பலகைக்கும் இடையே பஞ்சைத் திணித்து அடித்து எண்ணெயும் குங்கிலியமும் பூசுவார்களே, அந்த வேலைக்கே இதில் இடமில்லை. பலகையின் விளிம்பில் வரிசையாகப் பட்டைத் துளைகள். எதிர்ப் பலகையின் விளிம்பிலும் நேருக்கு நேர் அதே துளைகள். இரண்டுக்கும் பொதுவாக உறுதியான ஓக் மரத்தில் ஒரு தட்டையான கழுந்து. பாதி இங்கே, பாதி அங்கே. பலகைகளை இறுக்கிச் சேர்த்த பிறகு கழுந்தின் குறுக்கே மேலும் கீழும் ஒவ்வொரு மர ஆணி. இனி அந்தப் பலகை நகராது. இப்படி ஒரு கப்பலுக்கு ஆயிரக்கணக்கில். தண்ணீரில் இறங்கியதும் மரம் ஊதி இடைவெளியைத் தானே மூடிக்கொள்ளும்.

அதைவிட விசேஷம், முதலில் பலகைகளைச் சேர்த்து வெளிக்கூட்டைக் கட்டி முடித்துவிட்டுப் பிறகுதான் உள்ளே வங்குகளை, அதாவது விலா எலும்பு மாதிரி வளைந்த மரங்களை, பொருத்தியிருக்கிறார்கள். இப்போது கிரேக்கத்தில் மரப் படகு கட்டுகிறவர்கள் முதலில் எலும்புக்கூட்டை நிறுத்திவிட்டு அதன்மேல் பலகை அடிக்கிறவர்கள். இந்த நகலைக் கட்டியவர் ஏதென்ஸுக்குப் பக்கத்தில் பெராமாவில் படகுப் பட்டறை வைத்திருந்த மனோலிஸ் சாரோஸ். பரம்பரைத் தச்சர். கற்ற வித்தையைத் தலைகீழாகச் செய்ய வேண்டிய நிலை அவருக்கு. 1982-இல் ஆரம்பித்து 1985-இல் தண்ணீரில் இறக்கினார்கள். கேரளத்தில் மரக்கப்பல் கட்டும் பேப்பூர் உருப் பட்டறை மேஸ்திரியிடம் கொடுத்திருந்தால் 'இதிலென்ன இருக்கிறது' என்று கேட்டிருப்பார். அங்கே இன்றும் பலகை முதலில், வங்கு பிறகு.

வங்குகளைப் பலகையோடு பிடித்திருக்கும் முறை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் துளை போட்டு மர முளையை அடிக்கிறார்கள். அந்த முளையின் நடுவே நீளமான செம்பு ஆணியை இறக்கி, உள்ளே நீட்டிக்கொண்டு வரும் நுனியை மடக்கி, மறுபடி வங்கிலேயே குத்தி அடித்துவிடுகிறார்கள். மரமே நேராக ஆணியைச் சுமந்தால் பிளந்துவிடும், அதற்காக நடுவில் முளை. சைப்ரஸ் என்றாலே செம்பு. அந்த உலோகத்தின் லத்தீன் பெயரே இந்தத் தீவின் பெயரிலிருந்து வந்ததுதான்.

இதையெல்லாம் சாரோஸுக்குச் சொல்லிக் கொடுக்க ஒருவர் தேவைப்பட்டார் அல்லவா? அவர் ரிச்சர்ட் ஸ்டெஃபி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் டென்வர் என்ற சிற்றூரில் எலெக்ட்ரீஷியன். குடும்பத் தொழில் அது. ஓய்வு நேரத்தில் பழங்காலக் கப்பல்களின் மாதிரி செய்துகொண்டிருந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் தொழிலை விட்டுவிட்டுக் கைரீனியாவுக்கு வந்தார். கடலடியிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து மறுபடி கப்பலாக்கினார். 1985-இல், அமெரிக்காவில் 'மேதை விருது' என்று சொல்லும் மெக்ஆர்தர் விருது கிடைத்தது. வீட்டு வயரிங் வேலை பார்த்தவருக்கு அந்த விருதா என்று கேட்காதீர்கள். சுவருக்குள் ஓடும் வயரைப் பார்க்காமலே கண்டுபிடிக்கிறவருக்கு, இல்லாத பலகையின் வளைவைக் கண்டுபிடிப்பது கைவராதா என்ன?

இந்த நகல் 1986-இல் நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையின் நூற்றாண்டு விழாவுக்குக் கொண்டுபோகப்பட்டது. அதே வருடம் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சைப்ரஸின் பாஃபோஸுக்குப் பாய் விரித்தே வந்து சேர்ந்தது. பிறகு 2002-இல் 'கைரீனியா லிபர்ட்டி' என்று இன்னொன்று கட்டினார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு வெண்கலப் பதக்கம் செய்யச் சைப்ரஸ் செம்பை ஏற்றிப் போனது அதுதான்.

வெளியே வந்ததும் தம்பி சொன்னான்: "நல்ல வேலைதான். ஆனா ரொம்ப சுத்தமா இருக்கு. சரக்குக் கப்பல்னா அழுக்கா இருக்கணும்."

எனக்கும் அதே குறை. பார்த்தது ஸ்டாம்புக் கப்பல். இது மூழ்கவில்லை.

பிப்ரவரி 11, நிக்கோசியா வழியாகக் கைரீனியா

காலையில் காரை நிக்கோசியாவில் நிறுத்திவிட்டு லெட்ரா தெருவில் நடந்தோம். இரண்டு பக்கமும் துணிக்கடை, ஐஸ்கிரீம் கடை. நடுத்தெருவில் திடீரென்று ஒரு போலீஸ் கூண்டு. கடவுச்சீட்டைக் காட்டினோம். பிறகு சில பத்தடி தூரம் யாருடைய தெருவும் இல்லை, பூட்டிக் கிடக்கும் வீடுகள், பூச்செடித் தொட்டிகள். மறுபடி ஒரு கூண்டு, மறுபடி கடவுச்சீட்டு. அப்புறம் துணிக்கடை, ஐஸ்கிரீம் கடை. பலகைகள் மட்டும் துருக்கியில். இந்தத் தெருவழி திறந்தது 2008 ஏப்ரலில்தான். 1974 ஜூலையில், கிரேக்க ராணுவ ஆட்சி தூண்டிய கவிழ்ப்புக்குப் பின்னால் துருக்கிப் படை இறங்கியதிலிருந்து தீவு இரண்டாக நிற்கிறது. குறுக்கே 180 கிலோமீட்டர் நீளத்துக்கு ஐ.நா. காவல் காக்கும் வெற்றுப் பட்டை. வடக்கை நாடாக ஏற்றுக்கொண்டிருப்பது துருக்கி மட்டும். உலக அஞ்சல் கணக்கில் வடக்கு என்று ஒரு நாடே கிடையாது. இங்கே வர வேண்டிய கடிதத்தில் 'மெர்சின் 10, துருக்கி' என்று முகவரி எழுத வேண்டும். இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஒரே ஒருமுறை அப்படி ஒரு கவர் என் கவுன்ட்டருக்கு வந்தது. எழுதியவர் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்தேன்.

கிர்னே வாசல் பக்கம் டோல்முஷ் என்ற மினி பஸ். நம் ஊர் ஷேர் ஆட்டோவின் அண்ணன். ஆள் நிரம்பினால் கிளம்பும். ஐந்துவிரல் மலையைத் தாண்டினால் கீழே கடல். கிர்னே என்பதுதான் கைரீனியாவுக்குத் துருக்கிப் பெயர். கிரேக்கர்களுக்குக் கெரீனியா. மொத்தம் இருபத்தைந்து கிலோமீட்டர்தான். வழியெல்லாம் வாதுமை மரங்கள், இலை ஒன்றுகூட இல்லாமல் வெள்ளையாகப் பூத்து நிற்கின்றன. இலைக்கு முன் பூ வரும் மரம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பாட்டி என் பார்வையைக் கவனித்துவிட்டு "பாதெம்" என்றார். நான் "பாதாம்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

துறைமுகம் குதிரைலாட வடிவம். அதன் கிழக்கு முனையில் வெனிஸ்காரர்கள் பதினாறாம் நூற்றாண்டில் பெரிதாக்கிய கோட்டை. அதற்குள்ளேதான் கப்பல்.

அரைஇருட்டு அறை. மேலிருந்து கீழே பார்க்கிற மாதிரி நடைமேடை. காற்றின் ஈரமும் சூடும் கட்டுக்குள். கீழே, விளக்கு வெளிச்சத்தில், அசல்.

முதலில் எனக்கு அது கப்பலாகவே தெரியவில்லை. கரிய நிறத்தில் ஏதோ பெரிய மீனின் விலா எலும்புகள் திறந்து கிடப்பதுபோல. பிறகு மெல்ல மெல்லக் கண்ணுக்குள் கூடியது. இதோ ஏரா, கப்பலின் முதுகெலும்பான அடிக்கட்டை, இதோ முன்பக்கம் எழும்புகிறது, இது பாய்மரம் நின்ற கட்டை. கப்பல் அடியில் போய் இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்திருக்கிறது. சேறு மூடிய பக்கம் பிழைத்தது, திறந்திருந்த பக்கத்தைக் கடல்புழு தின்றது. அப்படியும் உடம்பில் முக்கால்வாசி கிடைத்தது. மரம் அலெப்போ பைன். 2,300 வருடம் தண்ணீரில் ஊறியது காய்ந்தால் சுருங்கிப் பொடியாகிவிடும் என்று பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் ஊறவைத்திருக்கிறார்கள். மெழுகு மாதிரி ஒரு பொருள். மரத்துக்குள் தண்ணீர் இருந்த இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும்.

தம்பி பத்து நிமிடம் பேசவேயில்லை. பிறகு விரலை நீட்டினான்.

"ஒட்டுப் போட்டிருக்கான் பாரு."

ஆமாம், ஒட்டு. அதுதான் இந்தக் கப்பலில் என்னை உட்கார வைத்த விஷயம். ஏராவில் விரிசல் விட்டிருக்கிறது, அதற்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். பாய்மரக் கட்டையை இடம் மாற்றியிருக்கிறார்கள். உளுத்த பலகையை வெட்டி எடுத்து வேறு பலகை வைத்திருக்கிறார்கள். கடைசிக் காலத்தில், இனி தாங்காது என்று தெரிந்ததோ என்னவோ, தண்ணீருக்குக் கீழே உள்ள உடம்பு முழுவதையும் ஈயத் தகட்டால் போர்த்தியிருக்கிறார்கள். ஸ்டெஃபி இந்த ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துத்தான் கப்பலின் வயதை வரிசைப்படுத்தினார். நல்ல நிலையில் உள்ள கப்பலுக்கு இவ்வளவு வரலாறு கிடைக்காது.

அப்பா சொல்வார், தோணி முதலாளி மூன்று வகை: புதிதாகக் கட்டுகிறவன், ஒட்டுப் போட்டு ஓட்டுகிறவன், ஒட்டும் போடாமல் ஓட்டுகிறவன். முதலாமவன் கடனாளி, மூன்றாமவன் கொலைகாரன் என்பார். இந்தக் கப்பலின் சொந்தக்காரர் நடுவில் உள்ளவர். நமக்குத் தெரிந்த மனிதர்.

சரக்கு. பக்கத்து அறையில் ஆம்போரா சாடிகள். மொத்தம் 400-க்குப் பக்கம், பெரும்பாலும் ரோட்ஸ் தீவில் வனைந்தவை, திராட்சை மது வந்தவை. அடி கூர்மையாக இருக்கும். தரையில் நிற்காது, ஆனால் கப்பலின் வயிற்றில் ஒன்றின் தோள்களுக்கு இடையே இன்னொன்றின் கூர்முனை சரியாக இறங்கும். இந்த ரோட்ஸ் சாடியின் பிற்காலத்து உறவுக்காரர்கள் நம் அரிக்கமேட்டில் உடைசல்களாகக் கிடைத்திருக்கின்றன. இன்னும் 29 அரவைக் கற்கள். எரிமலைப் பாறையில் செதுக்கியவை, ஏராவுக்கு மேலே வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பாரத்துக்குப் பாரமும் ஆயிற்று, போகிற ஊரில் விலைக்குப் போனால் லாபமும் ஆயிற்று.

அப்புறம் பாதாம். சுமார் 9,000. பருப்பு மக்கிப் போய், ஓடு மட்டும் பழைய கோணிச்சாக்கில் அள்ளிய மாதிரி குவியலாகக் கிடைத்தது. மூட்டையாகப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். கண்ணாடிக்குள் கொஞ்சம் வைத்திருக்கிறார்கள். பழுப்பு ஓட்டில் அந்தச் சின்னக் குழிகள்கூட அப்படியே. கடையில் நூறு கிராம் கேட்டால் இதைக் கலந்து கொடுத்துவிடலாம்.

எப்போது மூழ்கியது என்று சொன்னதும் இந்தப் பாதாம்தான். கப்பல் மரத்தை வைத்துக் கார்பன் காலக்கணிப்பு செய்வதில் இரண்டு சிக்கல். மரம் வெட்டிய வருடம் வேறு, மூழ்கிய வருடம் வேறு. தவிர மரத்தைக் காப்பாற்ற ஊற்றிய கிளைக்கால் பெட்ரோலியத்திலிருந்து வந்தது. அதில் கோடிக்கணக்கான வருடத்துப் பழைய கார்பன். கணக்கு கெட்டுவிடும். காப்பாற்றிய மருந்தே சாட்சியைக் கலைத்துவிட்டது! 2024-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டர்ட் மானிங் குழு அந்த மருந்தை மரத்திலிருந்து கழுவி எடுக்க வழி கண்டு, பாதாம் போன்று ஒரே பருவத்தில் விளைந்த பொருள்களையும் சேர்த்துப் பார்த்து, அந்தக் காலத்துக்கான கார்பன் அளவுகோலையே திருத்தி, கி.மு. 286-க்கும் 272-க்கும் இடையில் மூழ்கியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடிவு சொன்னது. பாதாம் அந்த வருடத்து விளைச்சல், அதற்கு முன்பின் கதை கிடையாது.

ஆட்கள் எத்தனை பேர்? நாலு. நாலு மரக்கரண்டி, நாலு குவளை, நாலு உப்புத் தட்டு, நாலு எண்ணெய்க் குப்பி. கப்பலின் தலைவரான தண்டையலும் மூன்று பேரும் என்று வைத்துக்கொள்வோம். கப்பலில் அடுப்பு இல்லை, செம்புக் கலவை அண்டா ஒன்று இருந்தது. கரையில் ஒதுங்கித்தான் சமைத்திருக்க வேண்டும். வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகள் 300-க்கு மேல். குழம்புக்கு மீன் பஞ்சமில்லை.

அந்த நாலு உப்புத் தட்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆளுக்கொன்று, பொது இல்லை. எங்கள் வீட்டில் அப்பாவின் தட்டில் வேறு யாரும் சாப்பிட மாட்டோம்.

பிப்ரவரி 12, கைரீனியா

ராத்திரி இங்கேயே தங்கினோம். அறை எடுத்த விடுதியில் வெந்நீர் வரவில்லை, கேட்டால் சூரியன் வரட்டும் என்றார்கள். கூரைமேல் சோலார் தொட்டியாம். வந்தது. ஒன்பதரைக்கு.

துறைமுகக் காபிக் கடையில் உட்கார்ந்து கடலைப் பார்த்தோம். மூழ்கிய இடம் கண்ணுக்கு எட்டும் தூரம். கரை தெரிய மூழ்கியிருக்கிறார்கள்.

ஏன் மூழ்கியது? தோண்டிய குழுவின் தலைவர் மைக்கேல் கட்ஸெவ் கொள்ளையர் வேலை என்று நினைத்தார். கப்பலோடு இரும்பு ஈட்டிமுனைகள் கிடைத்தன. காசு என்று பார்த்தால் ஒருசில வெண்கலக் காசுகள் மட்டும், தண்டையலின் பணப்பை இல்லை. ஆணி குத்திய மடித்த ஈயத் தகடு ஒன்றும் கிடைத்தது. அந்தக் காலத்தில் செய்வினை வைக்கும் முறை அது. தம்பிக்கு இதில் நம்பிக்கையில்லை. "கிழட்டுக் கப்பல். காத்து மாறியிருக்கும். ஒட்டு விட்டிருக்கும். இதுக்கு எதுக்கு வில்லன்?" எனக்கு அந்த ஈயத் தகட்டை விட மனமில்லை. யாரோ ஒருவருக்குக் கப்பல்காரர்மேல் கோபம் இருந்திருக்கிறது.

கண்டுபிடித்தவர் இந்த ஊர்க்காரர், ஆந்திரேயாஸ் காரியோலு. கடற்பஞ்சு எடுக்கும் முக்குளிப்பவர். 1965 நவம்பரில் ஒரு நாள் கடல் கெட்டது. நங்கூரம் பிடி விட்டு இழுபட்டது. என்ன ஆயிற்று என்று பார்க்க இறங்கியவர் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் சாடிக் குவியலைப் பார்த்தார். மேலே வந்தால் படகு காற்றில் நகர்ந்துவிட்டது. கரையில் மலை உச்சியையும் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து இடம் குறித்துக்கொள்வார்கள் அல்லவா, நம் மீனவர்கள் கணியம் பார்ப்பதுபோல, அதற்கு நேரமில்லை. மறுபடி அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு 200 தடவைக்கு மேல் இறங்க வேண்டியிருந்தது. சாடி ஒன்றை எடுத்து விற்றிருக்கலாம், ஊரெல்லாம் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் தேடிக்கொண்டே இருந்தார். 1967-இல் கட்ஸெவின் குழு வந்தபோது அவர்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

1974 ஜூலை 20-ஆம் தேதி துருக்கிப் படை இறங்கியது இந்த ஊருக்கு மேற்கே சில மைல் தூரத்தில். ஸ்டெஃபியின் வேலை அப்போதுதான் முடிந்திருந்தது. அந்தக் குழுவினர் சார்ந்த கடலடித் தொல்லியல் நிறுவனத்துக்கு அப்போது தலைமையிடமே சைப்ரஸ்தான். பிறகு அமெரிக்காவில் டெக்ஸஸுக்குப் போய்விட்டது. ஊரிலிருந்த கிரேக்கர்கள் தெற்கே போனார்கள், காரியோலுவின் குடும்பமும்தான். கப்பல் மட்டும் நகரவில்லை. டன் கணக்கில் சாடி ஏற்றி ஊர் ஊராகச் சுற்றியது, இனி ஒரு அங்குலம் நகர்த்தினாலும் உதிர்ந்துவிடும்.

தெற்கே உள்ளவர்களுக்குக் கப்பல் கையில் இல்லை, ஆகவே காசில் அடித்தார்கள், ஸ்டாம்பில் அடித்தார்கள், நகல் கட்டி உலகம் சுற்றவிட்டார்கள். வடக்கே உள்ளவர்களுக்கு அசல் கையில் இருக்கிறது, கோட்டையில் பூட்டி நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கப்பலோ, ரோட்ஸ் மதுவும் பாதாம் மூட்டையும் ஏற்றுகிற, யாருடைய ஊர் என்று கேட்காத ஒரு கூலிக் கப்பல்.

காபிக்குக் காசு கொடுக்கும்போது லிரா தீர்ந்திருந்தது. யூரோ நோட்டு வாங்குவார்கள் என்று தம்பி சொன்னான். மேலே டிப்ஸாக வைக்க என்னிடம் இருந்தது ஒரு ஐம்பது சென்ட். மேசையில் வைத்தேன், கப்பல் பக்கம் மேலே. கடைப் பையன் எடுத்தான். ஒரு நொடி பார்த்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான்.

பிப்ரவரி 13, லார்னாகா

நாளை விடிகாலை விமானம். இன்று இரண்டே வேலை.

ஒன்று, சுஜூகோ வாங்கினேன். பாதாமை நூலில் கோத்து, கொதிக்கும் திராட்சைச் சாற்றுக் கூழில் திரும்பத் திரும்ப முக்கித் தொங்கவிட்டு எடுப்பது. மெழுகுவர்த்தி மாதிரி தொங்குகிறது. குறுக்கே வெட்டினால் நடுவில் வெள்ளை வட்டமாகப் பாதாம், சுற்றிப் பழுப்புத் திராட்சை. கப்பலின் மொத்தச் சரக்கும் ஒரு துண்டில் என்று தம்பியிடம் காட்டினேன். அரவைக்கல் எங்கே என்று கேட்டான்.

இரண்டாவது, தபால் ஆபீஸ். அம்மாவுக்கு ஒரு படக்கார்டு. கவுன்ட்டருக்குப் பின்னால் என் வயசு ஒரு பெண். நானும் இதே வேலைதான் என்று சைகையில் முத்திரை குத்திக் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது. இந்தியாவுக்கான தலையைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, வேறு ஒரு தாளிலிருந்து குட்டித் தலை ஒன்றையும் கிழித்தார். முள்வேலி, குழந்தை. அப்பா கொசுறு என்று நினைத்த அதே தலை. விலை மட்டும் யூரோ சென்ட்டுக்கு மாறியிருக்கிறது.

இரண்டையும் ஒட்டினேன். ஒட்டிய பிறகு அவர் முத்திரைக் கட்டையை என் பக்கம் நகர்த்தினார். சட்டப்படி தப்பு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சுற்றிலும் யாரும் இல்லை. இரண்டு தலையிலும் பாதிப் பாதி விழுகிற மாதிரி பார்த்து ஒரே குத்தாகக் குத்தினேன்.